அக்கா போன கூட்டம்

நாம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக்காரர்கள் என்று தெரிந்துவிட்டால் போதும், எதிரில் இருப்பவர் கொஞ்சம் வயதானவராக இருந்தால் அடுத்து அந்தக் கேள்விதான் வரும். அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்? ரயிலில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் கேட்பார்கள். எந்த அன்றைக்கு என்று நாமும் திருப்பிக் கேட்பதில்லை. ஓட்டுக் கேட்க வந்த அவ்வளவு பெரிய தலைவர் நம் ஊர் மைதானத்தில் குண்டு வெடித்துச் செத்துப்போன வைகாசி ராத்திரியைத்தான் கேட்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய நம் எல்லோரிடமும் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. உங்களில் ஒருத்தி அம்மை போட்டு வேப்பிலையில் படுத்திருந்தேன் என்பாள். இன்னொருவர் மோட்டார் கொட்டகையில் அப்பாவோடு கரண்டுக்குக் காத்திருந்தேன் என்பார்.

நான் முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். நான் அங்கேதான் இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன் என்று. அது பொய். அங்கே இருந்தவள் என் அக்கா.

அந்த வருஷம் எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினொன்று. வல்லத்துப் பக்கம் இன்றைக்குக் கம்பெனிகள் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தார்கள். அக்கா வகுப்பில் முதல் மாணவி. உயரமாக இருப்பாள். தலைமுடி இடுப்பு வரை தொங்கும். அம்மா அவளுக்குப் பின்னல் போட உட்கார்ந்தால் பாதிக் காலை போய்விடும். எனக்குக் கிராப் வெட்டிவிட்டிருந்தார்கள், பேன் என்று காரணம் சொல்லி. அந்தப் பேன் அக்கா தலையிலிருந்து வந்தது என்பது என் கட்சி. யாரும் கேட்கவில்லை.

அந்தப் பொங்கலுக்கு அவளுக்கு மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப் பாவாடை எடுத்தார்கள். கத்திரிப்பூக் கலரில் கரை. "அடுத்த தீபாவளிக்கி உனுக்குத்தான்" என்று அம்மா என்னிடம் சொன்னாள். அன்று முதல் அக்கா எப்போது வளர்வாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் இல்லாத நேரத்தில் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கரையைத் தடவிப் பார்ப்பேன். உள்ளே போட்டிருந்த பூச்சி உருண்டையின் வாசனை விரலில் ஒட்டிக்கொள்ளும்.

தேர்தல் வந்ததால் அந்த லீவு நன்றாகவே போனது. ஜீப்பில் வந்து நோட்டீஸ் வீசுவார்கள். புழுதிக்குள் ஓடிப் பொறுக்குவோம். அக்காவுக்கு நீளக் கால், அவள் கையில்தான் அதிகம் சேரும். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, கட்சிக்காரர். தலைவர் படம் போட்ட ஒரு பேட்ஜ் கொண்டுவந்தார். ஒன்றே ஒன்று. அதை அக்காவின் சட்டையில் குத்திவிட்டார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. எறும்பு கடித்ததாகச் சொல்லி அழுதேன்.

தலைவர் வருகிறார் என்று செய்தி வந்ததும் நான்தான் முதலில் கேட்டேன். பெரியப்பாவின் காலைப் பிடித்துவிட்டேன், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுத்தேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அக்கா கேட்கவே இல்லை. கேட்காமலேயே எல்லாம் கிடைக்கும் என்று பழகியவள்.

அன்று சாயங்காலம் பெரியப்பா தன் மொபெட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"ஒரு புள்ளய கூட்டினு போறேன். பின்னால ஒண்ணுதான் ஒக்கார முடியும்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அம்மா உள்ளேயிருந்தே சொன்னாள். "சின்னது வேணா மாமா. எட்டு மணிக்கே தூங்கி வுழும். அந்தக் கூட்டத்துல அத்த யாரு தூக்கினு நிப்பாங்க? பெருச இட்டுனு போங்க."

"நான் தூங்க மாட்டேன்" என்றேன்.

"நீ தூங்குவ" என்றாள் அம்மா.

அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பேட்ஜையும் குத்தியிருந்தாள். வண்டி கிளம்பியதும் பின்னால் இருந்த கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஏரிக்கரை வளைவில் கை நழுவி முட்டி தேய விழுந்தேன். அக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் சிரித்ததாக எனக்குத் தோன்றியது. வண்டி பஞ்சராக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வீட்டில் கருவாட்டுக் குழம்பு. அக்காவுக்கு எடுத்துவைத்த துண்டையும் நானே தின்றேன். அம்மா சொன்னபடியே எட்டு மணிக்கெல்லாம் தூங்கிவிட்டேன். பத்தரை மணிவாக்கில் தூரத்தில் ஒரு வேட்டுச் சத்தம் கேட்டது, தலைவர் வந்துவிட்டார் என்று நினைத்தோம் என ஊரில் பலபேர் பிறகு சொன்னார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

விடியும்போது பேச்சுச் சத்தத்தில் விழித்தேன். பெரியப்பா அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் வழியாக நடந்தே வந்திருந்தார். மொபெட்டை அங்கேயே விட்டுவிட்டார். அது பிறகு கிடைக்கவே இல்லை. அவர் சட்டையில் ரத்தம், அக்காவின் பாவாடையிலும் ரத்தம். இருவர் உடம்பிலும் காயம் இல்லை. அம்மா அக்காவைக் கீழே இறக்கி, தலையிலிருந்து கால்வரை தடவித் தடவிப் பார்த்தாள். அப்பா பெரியப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கி இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சோடா வாங்கப் போனேன்" என்றார் பெரியப்பா. "இதுக்கு சோடா வாங்கப் போனேன். இது அங்கயே நின்னுனு இருந்துது." சாகும்வரை அந்த நாளைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

அம்மா பாவாடையை அவிழ்த்தாள், சுருட்டினாள், வெந்நீர் அடுப்பில் போட்டாள். நான் ஓடிப்போய் இழுப்பதற்குள் கரை பிடித்துக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். தரையில் புரண்டு அழுதேன். எனக்குச் சேரவேண்டிய பாவாடை அது. தீபாவளி வருவதற்குள் என் கண் முன்னால் எரிந்துகொண்டிருந்தது.

"பாவம், ரத்தத்தப் பாத்து பயந்துச்சி" என்றார்கள் பெரியவர்கள்.

அக்கா அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "பெருசு தைரியசாலி" என்றார்கள். கடைகள் திறந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் பயம் தெளிய என்னைத்தான் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய், ஓதி, கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். அக்காவுக்கு ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கயிற்றை அவளிடம் நீட்டி நீட்டிக் காட்டினேன். அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. உறவுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். படப்பையிலிருந்து, காஞ்சிபுரத்திலிருந்து, மெட்ராஸிலிருந்துகூட. மைதானத்தைப் பார்க்க வந்தவர்களும் கேள்விப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் அக்காவைப் பார்க்கத்தான். பிஸ்கட் பாக்கெட், திராட்சைக் குலை, பாட்டிலில் கலர் சோடா. அக்காவைத் தண்ணீர் எடுக்க அனுப்புவதில்லை, சாணி அள்ள அனுப்புவதில்லை. எல்லாம் என் தலையில் விழுந்தது. ஒருத்தி அவள் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அம்மாம் பெரிய மனுசன கடைசியா பாத்த கண்ணு" என்றாள்.

வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் அக்கா பதில் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர்களும் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்கள். நான் ஆரம்பித்தேன். முதலில் "எங்கக்கா பாத்தா" என்றுதான் சொன்னேன். மளிகை கட்டிவந்த பேப்பரில் படித்தது, அப்பா டீக்கடையில் கேட்டுவந்தது எல்லாவற்றையும் சேர்த்துக் கதையாக்கினேன். ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடியதையும் நெரிசலில் செருப்புகள் குவிந்துகிடந்ததையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். வந்தவர்கள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். கலர் பாட்டில் என் கைக்கு வந்தது. அந்த மாதக் கடைசியில், எங்களைத் தெரியாத ஒரு மெட்ராஸ் அம்மாவிடம், "நான் பாத்தேன்" என்று சொன்னேன். நாக்கு கூசவே இல்லை.

இனிமேல் சொல்லப்போவதை நான் இதுவரை ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அதற்கும் கடைசியில் வருகிறேன்.

ஒரே பாயில்தான் படுப்போம். அக்கா சுவர் ஓரம், நான் அவளுக்கு இடப்பக்கம். ஒருநாள் அம்மா வந்தவர்களிடம், "இது உயிரோட வந்ததே போதும், இனிமே எனுக்கு ஒண்ணும் வேணா" என்று சொன்னதைக் கேட்டுவிட்டுப் படுத்திருந்தேன். எனக்குத் தாங்கவில்லை. அக்காவின் காதுக்கருகில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னேன். "நீ செத்துப் போயிருக்கணும்."

அவள் கண் திறந்துதான் இருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். கொஞ்சம் சத்தமாக மூன்றாம் தடவையும் சொன்னேன். எழுந்து அவள் மேலாகச் சுவர்ப் பக்கம் குனிந்து வலது காதில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "இன்னா?" என்று திரும்பினாள். மறுபடி இடப்பக்கம் வந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை.

பத்து வயதுப் பிள்ளைக்கு அது புரியாதா? புரிந்தது. அக்காவுக்கு இடது காது கேட்கவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது. காதில் நீர் வடிந்ததை அம்மா பார்த்திருந்தாள். குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றினாள். அக்காவும் எதுவும் சொல்லவில்லை. நான் போய் அம்மாவிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். ஓடுவார்கள் என்பதால்தான் சொல்லவில்லை. அப்புறம் அவளுக்கு இன்னும் திராட்சை வரும், இன்னும் பிஸ்கட் வரும்.

பள்ளிக்கூடம் திறந்தார்கள். எங்கள் இரண்டு வகுப்புக்கும் ஒரே கூடம், நடுவில் ஒரு தட்டி. டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அக்கா பேருக்குப் பதில் வராது. இரண்டாம் தடவை கூப்பிடுவார். பிறகு ஸ்கேலை எடுப்பார். "பெரிய மனுஷங்களப் பாத்துட்டு வந்தா டீச்சர் கூப்புட்டா கேக்காதா? இன்னா திமிரு உனுக்கு?" தட்டிக்கு இந்தப் பக்கம் அடி விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். டிக்டேஷனில் அக்கா பாதி வார்த்தைகளை விட்டுவிட்டாள். முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். அங்கே போனதும் மீதியும் கேட்கவில்லை.

அந்த வருஷம் என் வகுப்பில் முதலாவதாக வந்தது நான். "பெரிசு கெட்டுச்சி, சின்னது தேறிச்சி" என்றார் அப்பா. எட்டாவதோடு அக்காவை நிறுத்தினார்கள், படிப்பு ஏறவில்லை என்று. என்னைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தார்கள். கம்பெனிகள் வந்தபோது அந்தச் சர்டிபிகேட்டால் எனக்கு பாகம் பூட்டுகிற லைனில் வேலை கிடைத்தது. இப்போது வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்.

அக்காவைச் சேரப்பணஞ்சேரியில் கட்டிக்கொடுத்தார்கள். முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவளுக்குக் காது கேட்கவில்லை என்பதை நர்ஸ்தான் கண்டுபிடித்தாள். இடது காதின் சவ்வு கிழிந்து உள்ளேயே கெட்டுவிட்டது, சிறுவயதிலேயே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். வலது காதும் மெல்ல மெல்ல மங்கியது. ஏன் சொல்லவில்லை என்று அம்மா அழுதாள். "பெரியப்பாவ திட்டுவீங்கன்னுதான்" என்றாள் அக்கா. வலது காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தார் அவள் புருஷன். "யாருக்குமே தெரியாம போச்சே" என்று அம்மா சொல்லச் சொல்ல, நான் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன்.

பொறாமை அதோடு போயிருக்கவேண்டும், இல்லையா? போகவில்லை. அக்கா வீட்டு நிலம் ரோட்டோரம் வந்தது. மாடியெடுத்து ரூம்கள் கட்டினார்கள். தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். நான் வேலைவாங்கி அதட்டும் அதே பெண்கள் அவளை அம்மா, அம்மா என்று சுற்றிவருகிறார்கள். ஒருத்தி தலைவாரிவிடுகிறாள். இன்றைக்கும் அந்த முடி அப்படியே இருக்கிறது.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். அக்கா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டிவியில் அந்த இடத்தையும் மாலை போடுவதையும் காட்டினார்கள். செகண்ட் ஷிப்டுக்குப் புறப்பட்டு நின்ற தென்காசிப் பெண் என்னைக் கேட்டாள்.

"ஏங்க்கா, நீங்க இந்த ஊர்தான? அன்னைக்கி எங்கன இருந்தீய?"

அக்கா நறுக்குவதில் கவனமாக இருக்கிறாள், கேட்காது என்று நினைத்தேன். பழக்கம் வேறு. "அங்கதான் இருந்தேன்" என்று ஆரம்பித்துவிட்டேன். செருப்புக் குவியல் வந்தது, புகை வந்தது. "ஜனங்கெல்லாம் அலறிகினு ஓடுது" என்றேன்.

"யாரும் அலறல" என்றாள் அக்கா.

அந்தப் பெண் திரும்பினாள்.

"ஓடனாங்க. எல்லார் வாயும் தொறந்து தொறந்து மூடுது. ஒருத்தர் வாயிலருந்தும் சத்தம் வர்ல. இன்னாடா இப்டி கீதேன்னு பாத்துனு நின்னேன்."

"நீங்களும் போயிருந்தீயளாம்மா? ரெண்டு பேருமா போனீய?"

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். "இது சின்னப்புள்ள. இது வர்ல" என்றாள்.

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அந்தப் பெண் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். அலறல் இல்லை என்று அக்கா ஏன் சொன்னாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். அந்த நொடியிலேயே அவள் காது போய்விட்டிருந்தது.

"எத்தினி வருசமா இப்டி சொல்லிகினு கீற?" என்று அக்கா கேட்டாள். கோபம் இல்லை.

"உனுக்குத் தெரியுமா?"

"உன் நாத்தனா என்னாண்ட வந்து கேட்டா, உங்க தங்கச்சி நெஜமா போச்சான்னு. ஆமான்னுட்டேன். சொல்லினு போவட்டும், எனுக்கு இன்னா போச்சு."

அவள் காட்டிக்கொடுத்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"உன் காது கேக்கலன்றது எனுக்கு அப்பவே தெரியும்."

கத்தி நின்றது. "அம்மாவுக்கே தெரியாது. உனுக்கு எப்டித் தெரியும்?"

சொன்னேன். பாயில் படுத்திருந்ததைச் சொன்னேன். எந்தக் காதில் சொன்னேன், எத்தனை தடவை சொன்னேன், என்ன வார்த்தை சொன்னேன் என்பதை அப்படியே சொன்னேன். ஸ்கேல் அடியை எண்ணியதையும் சொன்னேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு வலது காதிலிருந்து மிஷினைக் கழற்றி அதன் டப்பாவில் வைத்து மூடினாள். மீண்டும் காய் நறுக்க ஆரம்பித்தாள். "நான் சின்னப்புள்ளக்கா, எனுக்கு இன்னா தெரியும்" என்று என்னென்னவோ சொன்னேன். எதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது. காய் முழுவதையும் நறுக்கி முடித்தாள். "நீ வூட்டுக்குப் போ" என்றாள்.

மூன்று வாரம் போன் இல்லை. நான் செய்தால் எடுக்கவில்லை. டூட்டியில் தண்ணீர் சிந்திய தரையைத் துடைக்காமல் விட்டு, யாரோ வழுக்கி விழப்போய், எனக்கு வார்னிங் கொடுத்தார்கள். நான்காவது ஞாயிறு காலையில் அவளே கூப்பிட்டாள். "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

போனபோது மிஷின் காதில் இருந்தது. டிவி ஓடவில்லை. மாடிப் பெண்களைக் கீழே வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். தனக்கு வலப்பக்கம் தரையைத் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. "நான் சொல்றேன், நீ நடுவுல பேசாத" என்றாள். பெரியப்பா சோடா வாங்கப் போனதிலிருந்து ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் யாரிடமும் சொல்லாதது அது, புருஷனிடம்கூட.

மதியம் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதில் நான் கட்டிவைத்திருந்த கதையில் இருந்தது ஒன்றுகூட இல்லை. செருப்புக் குவியலே இல்லை. இவ்வளவு காலம் தொண்டை வறளச் சொல்லியும் இவள் சொல்வதில் கால்வாசிகூட எனக்கு வரவில்லையே என்று நடுவில் ஒருமுறை வயிறு எரிந்தது. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை. அவள் சொன்னதை எழுதலாம் என்றுதான் இன்றைக்குப் பேனாவை எடுத்தேன். எழுதப்போவதில்லை. அது அவளுடையது. அன்றைக்கு அவள் பேசி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.